காலை 6.20, கண்மாய்க் கரை

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த வருஷமே பேங்க் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றேன். தினமும் ஒரு மணி நேரம் நடங்கள் என்றார் டாக்டர். வெறுமனே நடப்பது எனக்கு ஒத்துவராது. வீடு டவுனில், நிலம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. அதனால் அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளுக்கு டயர் டியூப் மாற்றி எடுத்துக்கொண்டேன். ஆறு வருஷமாகக் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் ஆறரைக்குத் தோட்டம். கேரியரில் பஞ்சகவ்ய கேன், ஹேண்டில் பாரில் மஞ்சப்பை. வழியில் பாதி தூரம் கண்மாய்க் கரைதான். மாடு ஓட்டிப் போகிறவர்கள், பால்காரர், டவுன் பஸ் எல்லோருக்கும் என்னைத் தெரியும். "பேங்க் சார் சைக்கிள்" என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் காட்டும்.

போன ஆனி மாதம் அந்தக் கரையில் நடந்ததை எழுதச் சொல்லி நம் இயக்க நண்பர்கள் சிலர் கேட்டார்கள். எழுதத் தயங்கினேன். அதில் நான் ஒன்றும் பெருமைப்படும்படி நடந்துகொள்ளவில்லை.

முதலில் கரம்பையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் நஞ்சை ஒரு ஏக்கர், செம்மண் கலந்த மணல்சாரி. தண்ணீர் நிற்காது. எவ்வளவு ஆட்டுக்கிடை போட்டாலும், தக்கைப்பூண்டு மடக்கி உழுதாலும் போட்ட சத்து அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும். கண்மாய்க் கரம்பை அடித்தால் மண் பிடித்துக்கொள்ளும் என்று பக்கத்து நிலத்துப் பெரியவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான். மேட்டு நிலங்களிலிருந்து வருஷக்கணக்கில் அரித்துக்கொண்டு வந்த மெல்லிய களியும் மக்கும்தானே கண்மாய்க்குள் படிந்து கிடக்கிறது? நம்மிடமிருந்து போனதை நாம் திரும்ப எடுத்துவருகிறோம், அவ்வளவுதான்.

அரசும் இதை அனுமதிக்கிறது. 1959ஆம் வருஷத்துச் சிறுகனிம விதிகளிலேயே விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கண்மாய் வண்டலை இலவசமாக எடுக்க வழி இருக்கிறது. 2024இல் அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைத் தாசில்தாருக்கே கொடுத்துவிட்டார்கள். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. எங்கள் பக்கத்து டிராக்டர் டிப்பர் ஒன்று கிட்டத்தட்ட 3 கன மீட்டர் பிடிக்கும். ஆக எனக்கு 25 நடை. விண்ணப்பம் போட்டு, வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, தாசில்தார் உத்தரவும் கைக்கு வந்தது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று அதில் கெடு போட்டிருக்கும்.

நடுவில் இரண்டு நாள் கோடை மழை. கண்மாய்க்குள் வண்டி இறங்க முடியவில்லை. கடைசி நாள் சாயங்காலம் 22 நடை முடிந்திருந்தது. மூன்று நடை பாக்கி. டிரைவர் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "இன்னிக்கோட தேதி முடியுதே சார்?" அவன்தான் கேட்டான். நான் சொன்னேன், "மூணு நடைதானப்பா. நாளைக்கு வெள்ளென அடிச்சிரு. பேப்பர நான் கையில கொண்டாந்துர்றேன்."

முப்பத்து நாலு வருஷம் பேங்கில் இருந்தவன். மூன்று மாதம் தாண்டிய செக்கை ஒரு நாள்தானே என்று கெஞ்சினாலும் திருப்பிக் கொடுத்தவன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை மடைப் பக்கம் நான் திரும்பும்போது டிராக்டர் கரை மேல் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கார். நாலு பேர். இரண்டு பேர் காக்கி, இரண்டு பேர் சாதாரண உடை. நான் நூறு அடி தள்ளிச் சைக்கிளிலிருந்து இறங்கினேன். டிரைவர் தம்பி மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். போனை எடுத்தான். எனக்குத்தான் போட எடுத்திருப்பான். சாதாரண உடையில் இருந்தவர் அதைப் பிடுங்கிக்கொண்டு ஒரு அறை விட்டார். சத்தம் எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில்தான் டவுன் பஸ் மடையைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தினமும் 6.20க்கு அது அங்கே வரும். இரண்டு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது.

அவனைக் காரின் பின் சீட்டில் ஏற்றினார்கள். ஒருத்தர் டிராக்டரில் ஏறி ஓட்டினார். கார் என்னை நோக்கித்தான் வந்தது. மஞ்சப்பைக்குள் தாசில்தார் உத்தரவு இருந்தது. ஒரு கையைக் காட்டி நிறுத்தி, "இது என் மண்ணுங்க, நான்தான் ஏத்தச் சொன்னேன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

நான் குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்தேன். கழன்றுபோனதை மாட்டுகிற மாதிரி. செயின் கழலவே இல்லை.

கார் தாண்டும்போது அவன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். வாய்க்காலைத் திருப்பினேன். ஒரே பாத்தியில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். எட்டரை மணி இருக்கும். அவன் சம்சாரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகுவேகு என்று வந்தது. "சார், அவுக போனு எடுக்கல. இங்கதான வந்தாக?"

நான் பார்த்ததைச் சொன்னேன். செயின் விஷயத்தைச் சொல்லவில்லை. அந்தப் பெண் அழவில்லை. வரிசையாகக் கேள்வி கேட்டது. எந்த ஸ்டேஷன் சார்? வண்டி நம்பர் என்ன? வந்தவங்க பேரு சட்டையில இருந்துச்சா? எதுக்குன்னு சொன்னாங்களா?

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. நேரம் ஒன்றுதான் தெரிந்தது, அதுவும் பஸ்காரன் புண்ணியத்தில்.

நம் இயக்கத்தில் பல பேருக்குக் கைது புதிதல்ல. மறியலுக்குப் போவோம், வேனில் ஏற்றுவார்கள், கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துப் பேர் எழுதுவார்கள். மத்தியானம் பொட்டலச் சாதம், சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். அங்கே நூறு பேர் கூட இருக்கிறோம், கோஷம் போடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். விடியக்காலையில் ஆளில்லாத கரையில் தனியாக ஒரு கூலிக்காரனைத் தூக்குகிற கைது வேறு. அங்கே அவனுக்கு இருப்பதெல்லாம் வழியில் போகிற யாராவது ஒருத்தரின் கண்தான். அன்றைக்கு அந்தக் கண் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் கிளம்பினோம். முதல் ஸ்டேஷனில் "இங்க யாரையும் கொண்டாரல" என்றார்கள். இரண்டாவது ஸ்டேஷன் வாசலில் டிராக்டர் நின்றது, மண்ணோடு. உள்ளே பெஞ்சுக்குப் பின்னால் தரையில் அவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சம்சாரத்தைப் பார்க்கவில்லை.

விசாரணைதான் நடக்கிறது, கைதெல்லாம் இல்லை, வெளியே உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தோம். வேப்ப மரத்தடியில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்து இங்கே சொல்கிறேன். நமக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவை.

1986இல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றில் இருந்த டி.கே. பாசு என்பவர், லாக்கப் சாவுகளைப் பற்றிப் பேப்பரில் வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார்கள். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைது செய்கிற போலீஸ்காரர் பேர் தெரிகிற மாதிரி பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்றை அங்கேயே எழுத வேண்டும். அதில் தேதி, நேரம் இருக்க வேண்டும். வீட்டார் ஒருவரோ, அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவை இருக்கின்றன. பெயர்ப் பட்டையும் கைதுக் குறிப்பும் 36ஆம் பிரிவு. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும் என்பது 47. உறவினருக்குத் தகவல் 48. பயணம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது 58. இந்தக் கடைசி விஷயம் அரசியலமைப்பின் 22ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

இப்போது அந்த 'நேரம்' ஏன் முக்கியம் என்று புரியும். 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? காரில் ஏற்றிய நிமிஷத்திலா, ரைட்டர் பேனாவைத் திறக்கிற நிமிஷத்திலா? இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மணிகள் எந்தக் கணக்கிலும் வராதவை. ஒரு ஆளுக்கு என்ன நடந்தாலும் அந்த மணிகளில்தான் நடக்கும். 2020இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் பிள்ளையுமாக இரண்டு பேரை இழந்தோமே, அதற்குப் பிறகும் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. அனுமதியில்லாமல் மண் எடுத்ததாகப் போடுகிற வழக்கு 1957ஆம் வருஷத்துக் கனிமச் சட்டத்தில் வருகிறது. அதிகபட்சம் ஐந்து வருஷத் தண்டனை. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், தேவையில்லாதபோது ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸ் இப்போது 35ஆம் பிரிவின் 3ஆவது உட்பிரிவு. ஆக டிரைவர் தம்பிக்கு அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஒரு காகிதம். கிடைத்தது அறை.

ஒரு மணிக்கு மேல் எஸ்.ஐ. வந்தார். சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார். நான் யார் என்று கேட்டுவிட்டு, "பேங்க் ஆபீசரா சார்? நல்லதாப் போச்சு. நீங்களே விட்னஸ் போட்டுருங்க" என்று கைதுக் குறிப்பை நீட்டினார்.

வாங்கிப் படித்தேன். நேரம்: மதியம் 12.45. இடம்: மெயின் ரோடு, வாகனத் தணிக்கையின்போது.

"சார், இது காலைல ஆறு இருவது. இடம் கண்மாய்க் கரை."

"அது ஒரு ஃபார்மாலிட்டி சார். நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க."

கையெழுத்தை மட்டும் போடுங்கள். இந்த வார்த்தையை நான் எத்தனை விவசாயியிடம் சொல்லியிருப்பேன்! நகைக்கடன் ஃபாரத்தில், பயிர்க்கடன் ஃபாரத்தில், பென்சிலில் ஒரு புள்ளி வைத்து, "இங்க, இங்க, இங்க." அவர்கள் ஒருத்தரும் படித்ததில்லை. படிக்க நான் நேரம் கொடுத்ததும் இல்லை.

சாட்சி என்று போட்டிருந்த இடத்துக்குக் கீழே எழுதினேன்: "இவரைக் காலை 6.20 மணிக்குக் கண்மாய் மடை அருகே வெள்ளைக் காரில் ஏற்றியதை நேரில் பார்த்தேன். ஒருவர் கன்னத்தில் அடித்ததையும் பார்த்தேன். இவர் ஏற்றி வந்த மண் என் நிலத்துக்கு, நான் சொல்லித்தான் ஏற்றினார்." பேர், விலாசம், தேதி, நேரம், கையெழுத்து. கை நடுங்கியது. பேங்கில் என்றால் மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று நானே திருப்பியிருப்பேன்.

எஸ்.ஐ. வாங்கிப் படித்தார். முகம் மாறியது. "சார், இத எழுதுனா நீங்களும் கேஸுக்குள்ள வருவீங்க. தெரியுமா?"

"வரட்டும்" என்று சொன்னதாக ஊரில் கதை ஓடுகிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டேன்.

அதற்குள் வழக்கறிஞர் நண்பர் சொன்னபடி 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டிருந்தேன். அது சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண். காவலில் இருக்கிற யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்க 1987ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆணையத்திலிருந்து ஒரு பெண் வக்கீல் நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த பிறகு எல்லாம் கொஞ்சம் வேகமாக நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ராத்திரி ஏழரைக்கு நடுவர் முன் நிறுத்தினார்கள்.

நோட்டீஸ் ஏன் கொடுக்கவில்லை என்று நடுவர் கேட்டார். போலீஸ் தரப்பில் ஏதோ சொன்னார்கள். நான் எழுதிய மூன்று வரியை அவர் படித்தாரா என்று எனக்குத் தெரியாது, தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தம்பியிடம், "அடிச்சாங்களா?" என்று கேட்டார். அவன், "இல்லைங்கய்யா" என்றான். சொந்த ஜாமீனில் விட்டார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன், ஏம்ப்பா அப்படிச் சொன்னே என்று. "ஸ்டேஷன் வழியாத்தான சார் டெய்லி வண்டி ஓட்டணும்" என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? செயின் விஷயத்தை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். "பாத்தேன் சார்" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீங்க வந்துட்டீங்கல்ல" என்றான்.

எட்டு நாள் கழித்து என் வீட்டுக்கு ஒரு ஏட்டு வந்தார். ஸ்கூட்டரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். 35(3) நோட்டீஸ். மண் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேனே, இப்போது நான் இரண்டாம் எதிரி. "ஒன்னும் பயப்படாதீங்க சார், வசதிப்பட்ட நேரத்துல ஒரு நாள் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். வீட்டம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, மூட்டு வலிக்கு முடக்கத்தான் நல்லதா என்று கேட்டுக்கொண்டு போனார்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே குற்ற எண். ஒரே பிரிவு. ஒரே மண். தப்பு என்று பார்த்தால் கெடு தாண்டி ஏற்றச் சொன்ன என் தப்புத்தான் பெரிது. ஏற்றியவனுக்குக் காரின் பின் சீட்டு, ஏற்றச் சொன்னவனுக்கு வீடு தேடி வந்த காகிதம். அந்த ஏட்டு நல்ல மனுஷர். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் காகிதம் எனக்கு எவ்வளவு எளிதாக வந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் வாசகர்களில் கரம்பை அடிக்கப் போகிறவர்கள் நிறைய இருப்பீர்கள். உத்தரவை மூன்று நகல் எடுங்கள். ஒன்று டிரைவர் பையில் இருக்கட்டும், ஒன்று வண்டியில், ஒன்று உங்களிடம். கடைசித் தேதியைப் பெரிதாக எழுதி டிரைவரிடமும் சொல்லுங்கள். நடை பாக்கி இருந்தால் மறுபடி மனுப் போட்டு வாங்குங்கள், என்னைப்போல் வாய் வார்த்தையில் ஓட்டாதீர்கள். மாட்டுவது நீங்கள் இல்லை, ஸ்டியரிங் பிடித்தவன்.

வழியில் யாரையாவது போலீஸ் ஏற்றுவதைப் பார்த்தால், இடையில் புகுந்து மறிக்க வேண்டாம். அது தனி வழக்காகிவிடும், அவனுக்கும் உதவாது. தள்ளி நில்லுங்கள், ஆனால் தெரிகிற மாதிரி நில்லுங்கள். நேரத்தைப் பாருங்கள். வண்டி நம்பர், இடம், எத்தனை பேர், சட்டையில் பேர் இருந்ததா, எந்தத் திசையில் போனது. தெரிந்த ஆள் என்றால் வீட்டுக்குச் சொல்லுங்கள், தெரியாத ஆள் என்றால் குரல் கொடுத்து, "தம்பி, எந்த ஊரு, யாருக்குச் சொல்லணும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு குரலுக்கே சில கைகள் கீழே இறங்கும். என் மஞ்சப்பையில் இப்போது ஒரு பாக்கெட் நோட்டும் பேனாவும் நூலில் கட்டித் தொங்குகின்றன. பெரும்பாலும் அதில் நெல் நாற்று விட்ட தேதியும், மாடு சினைக்கு வந்த தேதியும்தான் இருக்கின்றன.

22 நடை கரம்பை விரித்த ஏக்கரில் தூயமல்லி போட்டேன். முன்பு நாலு நாளில் இழுத்துவிடுகிற தண்ணீர் இப்போது ஒரு வாரம் நிற்கிறது. பெரியவர் சொன்னது பலித்துவிட்டது. மூன்று நடை மண் விழாத மேற்கு மூலை மட்டும் தனியாக, கட்டையாகத் தெரிகிறது. அந்த ஒரு நடை டிப்பரிலேயே ஸ்டேஷன் வாசலில் இரண்டரை மாதம் கிடந்தது. கோர்ட்டில் மனுப் போட்டு முதலாளி வண்டியை மீட்கும்போது அதில் கோரையும் தும்பையும் முழங்கால் உயரம் முளைத்திருந்தன.

வண்டி இல்லாத நாட்களுக்குத் தம்பிக்குச் சம்பளம் நான்தான் கொடுத்தேன். முதலில் வாங்க மாட்டேன் என்றான், சம்சாரம் வாங்கிக்கொண்டது. வண்டி திரும்பி வந்தபோது முதலாளி வேறு டிரைவர் போட்டுவிட்டார். இப்போது அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வேனில் ஓட்டுகிறான்.

வழக்கு நடக்கிறது. வாய்தா அன்று முதல் எதிரியும் இரண்டாம் எதிரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அடுத்த வாய்தா 17ஆம் தேதி. அவன் முந்தின ராத்திரி பஸ் ஏறி வருவான். நான் சைக்கிளில் போய்விடுவேன், கோர்ட் என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான்.